வளருற பிள்ளைக்கு முழங்கைக் கவசம்

4 நவம்பர், செவ்வாய்
மழை. எங்கள் ஐஸ் ஹொக்கிக் கழகத்தின் வரலாற்றில் இன்று ஒரு புதுயுகம் பிறந்தது: பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்கு இனிச் சிவப்புச் சாறு இல்லை, சூடான கொக்கோ. நிர்வாகக் குழு மாலை முழுதும் விவாதித்தது. ஒருவர் நடுநிலை. தலைவி கிர்ஸ்டனுக்குக் கண்கலங்கியது. பாதுகாப்புக் கவசங்கள் பற்றி நான் எழுப்பிய விடயம், நேரமின்மையால், அடுத்த கூட்டத்துக்கு.
வாங்க: டேப், தலைக்கவசத் திருகுகள், கொக்கோ.

8 நவம்பர், சனி
கவசம் அளவு பார்க்கும் நாள். டேனிஷ் பெற்றோர் வழக்கம்போல மூத்த பிள்ளை போட்டு முடித்ததைக் கொண்டுவந்தார்கள். பல்வைத்தியரின் மகனுக்கு ஏற்கெனவே இருவர் போட்டுக் கழித்த கையுறை, உள்ளங்கையில் ஓட்டை. தகப்பனுக்கு அதில் பெருமை.
புறநகர் இஷொய்யிலிருந்து செல்வம், முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து நேரே. மகள் அபிக்குப் பன்னிரண்டு வயது. என் அணியின் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரி. பின்னோக்கிச் சறுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கவசமெல்லாம் புத்தம் புதிது. எல்லாம் இரண்டு அளவு பெரிது.
கையை உதறச் சொன்னேன். முழங்கைக் கவசம் மணிக்கட்டில் வந்து நின்றது.
“வளருற பிள்ளை, அண்ணை. அளவா வாங்கினா வாற வருசம் குப்பைக்குத்தான்.”
“வளரும் மட்டும் முழங்கையை எங்க வைக்கிறது, செல்வம்?”
“உங்களுக்கு எல்லாம் பகிடி.”
கழகப் பையிலிருந்து பழையதொன்றை மாட்டிவிட்டேன். கச்சிதம். இதுவே போதும் என்றாள் அபி, டேனிஷில். செல்வம் அதைக் கழற்றி, முகர்ந்து பார்த்து, திருப்பித் தந்தார்.
“ஆற்றையோ வேர்வையைப் போடவோ நான் இரவிரவா முழிக்கிறன்? அவங்கள் பழசு போட்டா சுற்றாடல் பற்று. நாங்கள் போட்டா தரித்திரம்.”
பழையதைப் பைக்குள் போட்டேன். ஆனாலும் சொன்னேன்: அளவானது வரும்வரை ஆட்டத்தில் இறக்க மாட்டேன்.

11 நவம்பர், செவ்வாய்
காற்று. அவசரக் கூட்டம். தமிழ்ப் பிள்ளையைத் தமிழ் ஆளே வெளியே நிறுத்துகிறார் என்று செல்வம் கழகத்துக்கு எழுதியிருக்கிறார். கிர்ஸ்டன் கழுத்துவரை சிவந்து, “அவர்களுடைய பண்பாட்டை நாம் மதிக்க வேண்டும்” என்றார். பிறகு என்னிடம்: “உனக்குத்தான் இது எங்களைவிட நன்றாகப் புரியுமே.”
ஓம். புரிந்தது. மூவாயிரம் ஆண்டுப் பண்பாடு, இரண்டு அளவு பெரிதாக.
தீர்மானம்: அளவு பெற்றோரின் விருப்பம். பயிற்சியாளர் ‘உரையாட’ வேண்டும். ஏகமனதாக, கொக்கோவுக்குக்கூடக் கிடைக்காத ஒற்றுமை.

15 நவம்பர், சனி
ஆட்டம். உரையாடினேன்.
“ரெண்டு சுத்து டேப் போட்டுவிடுங்கோ, அண்ணை. காணும்.”
உடைமாற்றும் அறையில் அபி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கத்துக்கு மாறாகத் தமிழில், அதுவும் மெதுவாக:
“மாமா, அந்தப் பழசைத் தாங்கோவன். சட்டைக்குள்ளதானே, அப்பாக்குத் தெரியாது.”
பை என் காலடியில்தான் இருந்தது. தீர்மானமும் இருந்தது. கதவருகில் நின்று செல்வம் கைகாட்டினார். டேப் சுற்றினேன். நிறையவே.
இரண்டாம் பகுதியில் கவசம் கழன்றுவிட்டது. மூலைத் தடுப்புச் சுவரில் அபியும் எதிரணிக்காரி ஒருத்தியும் மோதி விழுந்தார்கள். மற்றவள் எழுந்துவிட்டாள்.
அபி அழவில்லை. ஸ்கேட் கயிற்றை அவிழ்க்கும்போது மட்டும், “அப்பாவை ஏசாதேங்கோ, மாமா.”
ஆஸ்பத்திரிக்குக் காரை நான் ஓட்டினேன். பின்னால் செல்வம், அவள் தலையை மடியில் வைத்தபடி.

18 நவம்பர், செவ்வாய்
முதல் பனி; நிலத்தில் நிற்கவில்லை. முழங்கை முறிவு. சத்திரசிகிச்சை முடிந்தது. கையை முழுதாக நீட்ட வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம். கிர்ஸ்டன் கழகத்தின் பேரில் பூ அனுப்பினார். செல்வம் தொலைபேசியை எடுக்கவில்லை.
வலப்பக்கத் தடுப்புக்கு இன்றிலிருந்து எமில், சின்னவர்களின் அணியிலிருந்து.