ஈவாரின் சமையலறைப் பாடங்கள்

அன்புள்ள ஹெட்விக்,

நானும் தம்பி ஈவாரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அங்கே வீட்டுக்குள்ளேதான் குளிர் அதிகம், சுவரெல்லாம் ஈரம் என்று எழுதியிருந்தாய். போர்ட்டோவில் பனி விழாததால் யாரும் வீட்டைச் சூடாக்கிக்கொள்வதில்லை போலிருக்கிறது. கம்பளிக் காலுறைகள் அனுப்புகிறேன், படிக்க உட்காரும்போது போட்டுக்கொள். இங்கே கடல் ஓரமாக உறையத் தொடங்கிவிட்டது. படகைக் கரையேற்றிவிட்டேன். வரைபட வேலையை வீட்டிலிருந்தே செய்ய அலுவலகத்தில் சம்மதித்துவிட்டார்கள்.

பெனீத்தா பெரியம்மா உன்னிடம் பேசியதாகச் சொன்னாள். ஈவாரைத் தன்னோடு தீவுக்கு அழைத்துப்போய் வளர்க்கிறேன் என்றாளாம், நீயும் அதுதான் நல்லது என்றாயாம். அம்மா போனதிலிருந்து அவன் வாய் திறப்பதில்லை, என்னோடு இருந்தால் ஸ்வீடிஷ் யாரிடம் கேட்பான், அம்மாவோடு அம்மாவின் மொழியும் போய்விடும் என்பது அவள் பயம். கோபத்தில் இதை எழுதவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இங்கே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

மழலையர் பள்ளிக்கு அவனை அனுப்புவதை நிறுத்தியது உனக்குத் தெரியும். அங்கே கோட்டு மாட்டும் கொக்கிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வான். முன்பு அம்மா வந்து அழைத்துப்போன நேரம் தாண்டியும் எழுந்திருக்க மாட்டான். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும் என்று ஆசிரியைதான் சொன்னாள், வீட்டிலேயே சின்னச் சின்னப் பாடமாக ஏதாவது தொடங்குங்கள், அதற்கென்று எதுவும் வாங்க வேண்டாம், சமையலறையில் இருப்பதே போதும் என்றாள். அப்படித்தான் தொடங்கினோம். காலைக் கஞ்சிக்குப் பிறகு மேசையைத் துடைத்துவிட்டு உருளைக்கிழங்கைக் கொட்டுவேன். பெரியது ஒரு கூடை, சிறியது ஒரு கூடை. பிறகு உலர்ந்த பட்டாணியை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குக் கரண்டியால் மாற்றுவான். தட்டில் மாவு பரப்பி விரலால் கோடு, வட்டம். வெளியே போகுமுன் உடைகளைப் போட்டுக்கொள்ளும் வரிசையில் தரையில் பரப்பிவைப்பான், முதலில் கம்பளி, கடைசியில் மழைக்கால்சட்டை. எல்லாம் நன்றாகச் செய்தான். கவனம் சிதறவே இல்லை. நான் பேசவில்லை, அவனும் பேசவில்லை. நம் வீட்டில் வேலை நடக்கும்போது பேச்சு எதற்கு. அந்த அமைதியை நான் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

குழந்தை நல மையத்தில் செவிலி அவனை மணி கோக்கச் சொன்னாள், கத்தரிக்கச் சொன்னாள். கை நன்றாகப் பழகியிருக்கிறது என்று மகிழ்ந்தாள். பிறகு படங்களைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் இதையெல்லாம் செய்யும்போது என்ன பேசுவீர்கள் என்று என்னைக் கேட்டாள். ஒன்றும் பேசுவதில்லை என்றேன். அவள் சிரிக்காமல், "ரெண்டுல எந்த மொழியில பேசாம இருக்கீங்க?" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். நீ பிறந்தபோது நானும் கரோலாவும் முடிவு செய்தோம், அவள் ஸ்வீடிஷ், நான் ஃபின்னிஷ், ஒருவர் மொழியில் மற்றவர் நுழையக் கூடாது. இந்தத் தெருவில் பாதி வீடுகளில் அதே ஏற்பாடுதான். நீ அப்படி வளர்ந்தாய், இரண்டும் உனக்கு முழுசாக வந்தது. அதனால் அவள் போன பிறகும் நான் என் பக்கத்திலேயே நின்றேன். ஈவாரிடம் ஸ்வீடிஷ் பேசுவது அவளுடைய கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வதுபோல் இருந்தது. அவள் இடத்தைக் காலியாக வைத்திருப்பதே மரியாதை என்று நினைத்தேன். அந்தக் காலியிடத்தில்தான் பிள்ளை உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் உருளைக்கிழங்கைக் கொட்டிவிட்டு அவள் மொழியில் பேசினேன். இது பெரியது, இது சின்னது. வீடு மாறி வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். கிழங்கை வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்கடுத்த நாளும் பேசினேன். ஒருநாள் மாவு சலிக்கும்போது சல்லடைக்கு அவள் மொழியில் என்ன சொல்வார்கள் என்று தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மாவிலிருந்து கையை எடுத்தான். "அப்பா, அது இல்ல. அம்மா அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றான். குரல் கரகரத்திருந்தது. சரி, எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டேன். சொன்னான். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி நானும் சொன்னேன். அது போதவில்லை என்று மறுபடி சொல்லவைத்தான். அன்றிலிருந்து கரண்டி, மூடி, பானை எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேள்வி கேட்கிறான். தப்பானால் விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெனீத்தா வந்தாள். அவன் துணிகளுக்காகப் பெரிய பையோடு. நாங்கள் கையுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தோம். நான் பேசுவதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யோவ்னி, இது என்ன பேச்சு, கரோலா எழுந்து வந்து திருத்திட்டுப் போவா பாரு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவள் முகம் மாறிவிட்டது. ஈவார் கையுறையோடு நிமிர்ந்து கேட்டான், அம்மாவின் மொழியில், "அம்மா எப்போ வருவாங்க?"

அம்மா ரொம்ப தூரத்தில் என்று பெனீத்தா ஏதோ தொடங்கினாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே அவனிடம் அதைச் சொல்லியிருந்தேன், ஆனால் என் மொழியில். அம்மாவின் மொழியில் அவனிடம் யாரும் சொல்லவில்லை. என்னிடம் இருந்த கொஞ்சச் சொற்களில் சொன்னேன். "அம்மா வர மாட்டாங்க. அம்மா செத்துப்போயிட்டாங்க. நான் இங்கதான் இருக்கேன்."

தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று அவன் பெனீத்தாவைப் பார்த்தான். திருத்துவாள் என்று காத்திருந்தான். அவள் தரையில் அவன் உயரத்துக்கு உட்கார்ந்தாள். "இல்லடா கண்ணு. அப்பா சரியாத்தான் சொல்றாரு" என்றாள்.

அப்போதுதான் அழுதான். இத்தனை காலத்தில் சத்தமாக அழுதது அதுதான் முதல்முறை.

பை காலியாகவே திரும்பிப் போனது. கடல் கெட்டியாக உறைந்து, தீவிலிருந்து பனிக்கட்டிமேல் வண்டி ஓடும் வழி திறந்ததும் ஞாயிறுதோறும் வருகிறேன் என்றிருக்கிறாள், பாடத்தில் தனக்கும் ஒரு இடம் வேண்டுமாம். உன்னிடமும் பேசுவாள், அவளைக் கடிந்துகொள்ளாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பரீட்சை நல்லபடியாக நடக்கட்டும், உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் இருக்கட்டும், மனம் தாழும் நாளில் தயங்காமல் எங்களைக் கூப்பிடும் தைரியம் உனக்கு இருக்கட்டும். தொலைபேசியில் என்னோடு எப்போதும்போல் ஃபின்னிஷிலேயே பேசு. ஈவாரோடு மட்டும் அம்மாவின் மொழியில். அம்மா எப்போது வருவாள் என்று அவன் உன்னிடமும் கேட்பான், திரும்பத் திரும்பக் கேட்பான். தூங்குகிறாள், பயணம் போயிருக்கிறாள் என்று எதுவும் சொல்லிவிடாதே. நாங்கள் சொன்னதையே சொல்.

உன் அப்பா,
யோவ்னி