தகப்பன் போடாத கையெழுத்து

லாஃபயெட்,
பிப்ரவரி 10, 2025

தம்பி ஆல்சீடுக்கு,

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. உட்கார்ந்து வாசி.

உன் மகள் ஒடெட்டுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. குடும்ப வருமானம் குறைவாக உள்ள மாணவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. அது கடன் அல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை. உன் இறால் படகு ஈட்டுவதைப் பார்த்தால் முழுத்தொகையும் கிடைக்கும் என்கிறார்கள். உன் வருமானத்தைப் பார்க்க நீ சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். கல்லூரி வைத்திருக்கும் கடைசி நாள் ஏப்ரல் நான்கு.

தாய் இறந்துபோனதிலிருந்து அவள் என் வீட்டில், என் சாப்பாட்டில் இருக்கிறாள். சட்டத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை. இருபத்துநான்கு வயதுவரை உன்னைத்தான் கேட்பார்கள்.

முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

உன் அக்கா,
கிளோதில்ட்

*

கோகோட்ரி,
பிப்ரவரி 24

அக்கா,

முட்டிக்குச் சூடா ஒத்தடம் குடு.

கையெழுத்து போட மாட்டேன். புயலுக்கு அப்புறம் கூரை போடக் காசு தந்தாங்க. கடன் இல்லைன்னுதான் அப்பவும் சொன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, "தப்பாக் குடுத்துட்டோம், திருப்பிக் குடு"ன்னு கடுதாசி வந்துச்சு. கூரையைப் பிரிச்சா குடுப்பேன்? அன்னிக்கே முடிவு பண்ணேன், என் பேரு இனிமே அரசாங்கக் காகிதத்துல ஏறாதுன்னு.

மடத்துச் சிஸ்டருங்க கிட்ட படிச்சவ நீ. உனக்கு எழுதினதெல்லாம் வேதம். ஒடெட்டுக்குப் படகுல வேலை இருக்கு, வரச் சொல்லு.

ஆல்சீட்

*

லாஃபயெட்,
மார்ச் 7

ஆல்சீட்,

உன் கடிதத்தை ஒடெட்டுக்கு வாசித்துக் காட்டினேன். "படகுல வேலையா அத்தை? சின்ன வயசுல ஏற விடமாட்டார். பொண்ணு ஏறினா வலையில மீன் விழாதும்பார்" என்றாள். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனாள். குழாயை வெகுநேரம் திறந்து வைத்திருந்தாள்.

உனக்கு அநியாயம் நடந்தது உண்மை. அதற்கு அவள் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

நான் கல்லூரி அலுவலகத்துக்கே போனேன். "தகப்பன் உயிரோட இருந்து மாட்டேன்னு சொன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றாள் அங்கிருந்த பெண். ராணுவத்தில் சேர்ந்திருந்தால், குழந்தை பெற்று வளர்த்தால், கல்யாணமாகியிருந்தால் தகப்பனைக் கேட்க மாட்டார்களாம். பதினெட்டு வயதுப் பெண்ணை இந்த வாசல்களில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாய். வீட்டுக்கு வந்து கடைசி வாசலான கல்யாணத்தைப் பற்றிச் சொன்னபோது ஒடெட் தலை நிமிர்ந்ததை நான் கவனித்தேன். ரேமி என்றொரு பையன், படகு எஞ்சின் பழுதுபார்ப்பவரின் மகன், ஞாயிறுதோறும் இவளைப் பார்க்க வருகிறான். நல்லவன். அவனும் கல்லூரிக்கு மனுப் போடுகிறான்.

ஏப்ரல் நான்கு. மறுபடியும் எழுதுகிறேன், ஏப்ரல் நான்கு.

கிளோதில்ட்

*

கோகோட்ரி,
ஏப்ரல் 1

அக்கா,

ரொம்ப யோசிச்சேன். ஃபாதரும் கோயில் வாசல்ல நிறுத்தி, "புள்ளை மேல ஏன்யா கோவம்?"னு திட்டினார். சரி, போடறேன். வலை பாதி தச்சாப்புல கெடக்கு. முடிச்சுட்டுப் பன்னெண்டாம் தேதி சனிக்கிழமை வர்றேன். ஐஸ் போட்டு இறால் கொண்டாறேன். தவக்காலம்னு சாக்குச் சொல்லாத, இறாலுக்குத் தடையில்லை. ஒடெட்டுக்குக் காப்பி போடத் தெரியுமில்ல?

ஆல்சீட்

*

லாஃபயெட்,
ஏப்ரல் 5

ஆல்சீட்,

உன் கடிதம் இன்று வந்தது. வலை முடியப்போவதில் மகிழ்ச்சி.

வியாழக்கிழமை, மூன்றாம் தேதி காலை, நீதிமன்றத்தில் ஒடெட்டுக்கும் ரேமிக்கும் கல்யாணம் நடந்தது. படிப்பு முடிந்தபின் கோயிலில், உன் கையைப் பிடித்து நடந்துவந்து செய்துகொள்ள இருந்த கல்யாணம். அதை நடுத் தவக்காலத்தில், மீன்பிடி உரிமம் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்து முடித்தார்கள். அவள் பள்ளிக்கூடக் காலணியோடு நின்றாள். ஒருமுறை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரை என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலையே மனுவை அனுப்பிவிட்டாள். கணவனுக்கும் மனைவிக்கும் என்ன வருமானம் என்று மட்டும்தான் அதில் கேட்டிருந்தது. பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை வராதே. அவள் ரேமியின் வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த வீட்டில் காப்பி நான்தான் போடுவேன், உனக்குப் போடும் மனநிலையில் நான் இல்லை.

கல்யாணத்துக்கு இரண்டு சாட்சிகள் தேவைப்பட்டார்கள். ஒருவர் ரேமியின் அப்பா. கோயிலுக்கு வெளியே நடக்கும் கல்யாணத்துக்கு இந்த வயதுவரை போகாதவள் நான். ஆனாலும் கேட்ட நாளில், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கிளோதில்ட்