கோலமாவுக் கோடு

மே 7, திங்கள்

கத்திரி வெயில். காலை ஆறு மணிக்கே கழுத்தெல்லாம் வியர்வை. நேற்று மருந்துக் கடைக்கு அரை நாள் லீவு போட்டு மகள் வினோவை முதல் டென்னிஸ் போட்டிக்கு அழைத்துப் போனேன். 0-6.

தோற்றதற்கில்லை கோபம். பதினோரு வயது. முதல் வருஷம் முழுக்கச் சுவரோடு ஆட்டம், ரோமம் போன பழைய பந்தில். அடுத்த வருஷம் பேக்ஹேண்ட். இந்த வருஷம்தான் சர்வ் ஒழுங்காகக் கட்டத்துக்குள் விழுகிறது. எல்லாம் வந்தது, வாய்தான் வரவில்லை.

சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் அம்பயர் கிடையாதாம். தன் பக்கம் விழும் பந்தைத் தானே 'அவுட்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பயிற்சியில் எப்போதும் மாஸ்டரே சொல்லிவிடுவார். இவள் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. எங்கள் யார் மண்டையிலும் இது ஏறவில்லை! ஒரு ஜாண் வெளியே விழுந்ததையும் விடாமல் திருப்பி அடித்துக்கொண்டிருந்தாள், பாவி.

பொறுக்க முடியாமல் வேலிக்கு வெளியிலிருந்து கத்திவிட்டேன். "அவுட்டுடீ! வாயத் தொறந்து சொல்லுடீ!"

போட்டி முழுவதையும் மேற்பார்க்கும் ரெஃப்ரி வந்தார். "வெளியிலேர்ந்து சொல்லக் கூடாதும்மா. இன்னொரு தடவ சொன்னா கேட்டுக்கு வெளிய போயிடணும்." மானம் போச்சு.

வரும் வழியில், வண்டியில் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வினோ: "சனிக்கிழம மேட்ச்லயும் இப்பிடியே ஆச்சுன்னா நான் டென்னிஸே வுட்டுடுறேம்மா."

விட விடுவேனா.

மே 8, செவ்வாய்

வாங்க: கோலமாவு 2 பாக்கெட், குளுக்கோஸ், மட்டைக்குக் கைப்பிடி டேப்.

சாயங்காலம் மொட்டை மாடியில் கோலமாவால் நீளமாக ஒரு கோடு. நான் பந்தை வீச வேண்டும், வெளியே விழுந்தால் அவள் கத்த வேண்டும். நாற்பது பந்து வீசினேன். தோள் கழன்றுவிட்டது. "அவுட்" என்கிறாள், கொசு முனகுகிற மாதிரி.

வினோ அப்பா துணி எடுக்க வந்தார். "பந்துக்கே கேக்கலியே!" பெரிய ஜோக். இரண்டு பேரும் முறைத்தோம், இறங்கிப் போனார்.

மே 9, புதன்

கரண்ட் இல்லை. காற்றும் இல்லை. கோடு கலைந்து கிடந்தது, புதிதாகப் போட்டேன்.

இன்றும் அதே முனகல். "ஏண்டீ சத்தமே வர்ல?" என்றேன். பந்தை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "சத்தமா பேசுனா நீதானம்மா திட்டுவ. தெருவரைக்கும் கேக்குது, அடக்கிப் பேசுன்னு."

சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையா, ஆயிரம் தடவை. பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து. என் அம்மா எனக்குச் சொன்னதை அப்படியே. தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை.

"தெருவே கேக்கட்டும், கத்து" என்றேன். நானும் கூடச் சேர்ந்து கத்தினேன்.

எதிர் மாடி அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, அம்மாவுக்கும் பொண்ணுக்கும் சண்டையா?"

"ஆமாக்கா, சனிக்கிழம வரைக்கும்!"

மே 11, வெள்ளி

நேற்று எழுதவில்லை, கடையில் ஸ்டாக் எடுத்தார்கள். இன்று மாடியில் போட்ட சத்தத்துக்குக் காக்கா பறந்தது. வினோ சிரித்தாள். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

துவைக்க: வெள்ளை சாக்ஸ்.

மே 12, சனி

தோல்வி. 4-6.

வேலியை விட்டுத் தள்ளி, வேப்பமர நிழலில், வாயில் கர்ச்சீப்பை வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கேமிலேயே "அவுட்!" ரெஃப்ரியே திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

4-5. எதிர்ப் பெண்ணுக்கு இன்னும் ஒரு பாயிண்ட் போதும். அவள் அடித்த பந்து மூலையில் விழுந்தது. வெளியே! நான் பார்த்தேன். வினோ குனிந்து மண்ணில் பந்து பட்ட தடத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து ஒரே கத்தல்: "இன்! உன் பாயிண்ட்டு!" ஓடிப்போய்க் கை கொடுத்தாள்.

திரும்பும் வழியில், வண்டி முத்தியால்பேட்டை வரும்வரை அடக்கிப் பார்த்தேன். மணிக்கூண்டு கிட்டே முடியவில்லை. "வெளியதானடீ போச்சு? நான் பாத்தேன்."

"நீ மரத்துகிட்ட இருந்தம்மா! நான் பக்கத்துல நின்னேன். கோட்டத் தொட்டுச்சு, தொட்டா உள்ளதான். என் பக்கம் வுழுந்தா நான்தான் சொல்லணும், நீ சொல்லக் கூடாது! காலைல அஞ்சு மணிக்கு எழுப்பு, சர்வ் போடணும்."

பூக்கடைக்காரி, சைக்கிள்காரர், டீக்கடையில் நின்றவர்கள், எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். 'தெருவரைக்கும் கேக்குதுடீ' என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு வண்டியை முறுக்கினேன்.