அகப்பையில் கட்டிய சாவி

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

சாவி இன்றைக்கும் காணாமல் போனது. பதினைந்து நிமிடம் தேடி, கடைசியில் ஜன்னல் கம்பியில் தொங்கக் கண்டோம். எந்த மகராசி மாட்டினாளோ தெரியாது. எங்கள் வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்கு மலசலகூடம் ஒன்று, பின்வளவில். அதற்குச் சாவியும் ஒன்று. யாரும் பைக்குள் போட்டுக்கொண்டு போகாமல் இருக்க, காரியாலயப் பணியாளர் ஸைனுலாப்தீன் நானா அதை ஒரு சிரட்டை அகப்பையில் கட்டி வைத்திருக்கிறார். அதுவும் போதாதென்று நான் ஒரு கொப்பி போட்டேன். பெயர், வழக்கு இலக்கம், எடுத்த நேரம், தந்த நேரம், கையெழுத்து. "கிறேஸ் மிஸ் ஒண்டுக்குப் போறதுக்கும் பதிவு வைக்கிறா" என்று சட்டத்தரணிமார் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். சாவி தொலைந்தால் தேடுவது அவர்களா?

இன்று கொப்பியில் கடைசிப் பெயர் உம்மு குல்சும். எடுத்த நேரம் 10.20. தந்த நேரம் வெறுமை.

கிண்ணியாவிலிருந்து வந்தவர். தன் தம்பி வெட்டப்பட்டதைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி. எட்டரைக்கே வந்து விறாந்தையில் கிடக்கும் நீள வாங்கில் இருந்தார். அதே வாங்கின் மறு அந்தத்தில், பிணையில் வந்திருக்கும் எதிரி, தமையனோடும் மைத்துனனோடும். இருக்க வேறு இடம் இல்லை. நான் எட்டிப் பார்த்தபோது அவன் கச்சான் உடைத்துத் தின்றுகொண்டிருந்தான். கோதுகளையெல்லாம் அவருடைய காலடியில் போட்டான். வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் பிடிக்கலாமே!

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. "சாட்சி சமுகமில்லை" என்று பதிவு. இது இரண்டாம் தவணை. அரச சட்டத்தரணி நிவேதிகா மிஸ் கோப்பை மேசையில் போட்டுவிட்டு, "அடுத்த முறையும் வராட்டி இந்த வழக்கு நிக்காது, கிறேஸ் அக்கா" என்றார்.

அடுத்த தவணை ஒக்டோபர் 7.

பெப்ரவரி 13, வியாழன்

நல்ல செய்தி ஒன்று. மாவட்ட வழக்குத்தொடுநர் அலுவலகங்களுக்கு வெளிநாட்டு நிதியம் ஒன்று மானியம் கொடுக்கிறதாம். ஆறே ஆறு அலுவலகத்துக்கு. "சாட்சிகளுக்கெண்டு தனி அறை ஒண்டு கேப்பம். பின்பக்கத்தால வந்து பின்பக்கத்தால போற மாதிரி" என்றார் மிஸ். வயது முப்பத்து நாலு, இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம், இன்னும் சலிக்கவில்லை. எனக்குச் சலித்து எவ்வளவு காலம்! ஆனாலும் படிவத்தை நானே நிரப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். இருபத்தாறு வருடம் படிவம் நிரப்பியவள் நான்.

பெப்ரவரி 28, வெள்ளி

அனுப்பியாயிற்று. முப்பத்தெட்டுப் பக்கம், ஒன்பது இணைப்பு. ஒரு எழுத்துப்பிழை இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

திரும்பி வந்துவிட்டது.

காரணத்தை எழுதக் கை கூசுகிறது. "தங்கள் இணைப்பு 7இன்படி, காத்திருப்போருக்கான இருக்கை வசதி பாவனைக்கு உகந்த நிலையில் உள்ளது."

இணைப்பு 7 என்பது வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பு. கதிரை, மேசை, அலுமாரி, மின்விசிறி என்று ஒவ்வொன்றுக்கும் நேரே நிலைமை எழுதவேண்டும். நீள வாங்கு, ஒன்று, நல்ல நிலையில். என்னுடைய கையெழுத்து! ஒவ்வொரு வருடமும் அதையேதான் எழுதுகிறேன். கால் ஆடாத வாங்கென்றால் நல்ல நிலைதானே? வேறென்ன எழுதுவது? "வாங்கு நல்லது, அதில் பக்கத்தில் இருக்கிறவன் கூடாது" என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இருக்கிறதா?

அதை ஏன் இணைச்சனான்? ஆர் கேட்டது? எல்லாத்தையும் இணைச்சாத்தான் முழுசு எண்டு நினைக்கிற புத்தி. நுணலும் தன் வாயால் கெடும் எண்டு சும்மாவா சொன்னவை.

மிஸ் ஏசியிருந்தால் கூட ஆறியிருக்கும். ஏசவில்லை. "ஏப்ரல் முப்பதுக்குள்ள திருத்தி அனுப்பலாமாம், அக்கா. ஆனா ஒண்டு கேக்கினம். சாட்சிகள் வந்திட்டுப் பயத்தில திரும்பிப் போகினம் எண்டதுக்கு என்ன ஆதாரம்? எத்தனை பேர்?"

எத்தனை பேர்? நீதிமன்றப் பதிவில் எல்லாரும் சமுகமில்லாதவர்கள்தான். வராதவளும் சமுகமில்லை, வந்து போனவளும் சமுகமில்லை.

ஏப்ரல் 9, புதன்

சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பாலையூற்றுக் கோயிலில் பூசை முழுக்க அந்த வாங்குதான் கண்ணுக்குள். இவர், என் வீட்டுக்காரர், சீனன்குடாவில் களஞ்சியப் பொறுப்பாளர். இருப்பு எடுப்பதில் புலி. "உள்ளதைத்தானே எழுதினனீர், கிறேஸ்? பிறகென்ன?" என்றார். ஆறுதலாம். நான் குருத்தோலையை அவருடைய கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தேன்.

ஏப்ரல் 16, புதன்

என் மாதாவே! என் கண் எங்கே போயிருந்தது?

காலை பத்து மணி. ஸைனுலாப்தீன் நானா வந்து நின்றார். "மிஸ், சாவிக் கொப்பி முடிஞ்சிட்டு. புதுசு ஒண்டு தாங்க."

"அதையும் என்னட்டையா கேக்கிறியள்?" என்று பாய்ந்தேன். பாவம் மனிசன். பழைய கொப்பியை மேசையில் வைத்துவிட்டு நின்றார். கடைசித் தாளில் இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். தந்த நேரம் வெறுமை. அதற்கு மேலேயும் வெறுமை. பெயர் இருக்கிறது, வழக்கு இலக்கம் இருக்கிறது, சாவியைத் திருப்பித் தந்த கையெழுத்து இல்லை.

"நானா, சாவி ஜன்னல்ல தொங்கினா என்ன அர்த்தம்?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஆள் பின்கேற்றால பெய்த்திட்டா எண்டு அர்த்தம். ஏன் மிஸ், உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது! இரண்டு வருடமாகச் சாவியைத் தேடியவள் நான். சாவியை எடுத்தவளைத் தேடவே இல்லை. முன்பக்கம் வாங்கில் அவன்கள். எழும்பிப் போனால் பின்னால் வருவான்கள். அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் யாரும் பின்தொடர மாட்டார்கள். ஜன்னலில் மாட்டிவிட்டுப் பின்கேற்றால் போய்விடலாம். அந்த அவசரத்திலும் சாவியை எங்கள் கண்ணில் படும்படி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் பாருங்கள்.

அலுமாரியைக் கிண்டினேன். முதல் இரண்டு கொப்பியும் பத்திரமாக இருந்தன. நான் எதையும் எறிவதில்லை. அதற்கும் சிரிப்பவர்கள் உண்டு.

ஏப்ரல் 19, பெரிய சனி

விடுமுறை நாளில் அலுவலகம். மிஸ் அன்புவழிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒரு அடுக்குப் பெட்டி சாப்பாட்டோடு வந்தார். நான் கொப்பியைப் பார்த்து வழக்கு இலக்கமும் தேதியும் வாசிக்க, அவர் அன்றைய வழக்குப் பதிவைத் திறந்து பார்த்துச் சொன்னார்.

"சமுகமில்லை."

"சமுகமில்லை."

"இதுவும் சமுகமில்லை, அக்கா."

பின்வளவில், ஊருக்குள் திரியும் மான் இரண்டு வந்து நின்று மேய்ந்துவிட்டுப் போகும் வரை இதே சொல்தான். பின்னேரம் நாலரைக்கு முடித்தோம். நாற்பத்தேழு பேர். வரவில்லை என்று எழுதப்பட்ட நாற்பத்தேழு பேர், தங்கள் கையால் பெயரெழுதி, நேரமெழுதி, வந்திருந்தோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மிஸ் கொப்பியை மூடிவிட்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு, "சிறு துரும்பும் பல்லுக்குத்த உதவும் எண்டுறது உண்மைதான்" என்றார்.

"துரும்பு எண்டு என்ர கொப்பியைச் சொல்லாதேங்கோ" என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தான்.

ஏப்ரல் 30, புதன்

அனுப்பியாயிற்று. பதினொரு பக்கம். இணைப்பு ஒன்றே ஒன்று.

மே 22, வியாழன்

நிதியத்திலிருந்து பார்க்க வந்தார்கள். கொழும்பிலிருந்து நதீஷா என்ற பெண்ணும் ஒரு பொறியியலாளரும். மிஸ் அப்போது நீதிமன்றத்தில். ஆகவே அவர்களும் எல்லாரையும் போல விறாந்தை வாங்கில் இருக்கவேண்டி வந்தது. வேறெங்கே இருத்துவது? வழக்குக்கு வந்த ஒருவனுடைய உறவினர் ஐந்து பேர் மற்றப் பக்கம். கால் மணித்தியாலத்தில் அந்தப் பெண் எழும்பி வந்து சிங்களத்தில் மெதுவாக மலசலகூடம் கேட்டார்.

அகப்பையைக் கொடுத்தேன். கொப்பியையும் நீட்டினேன்.

அப்போதுதான் மிஸ் வந்தார். என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். மானியம் தர வந்தவரிடம் கையெழுத்தா? நான் பேனையையும் நீட்டினேன். சட்டம் என்றால் எல்லாருக்கும்தான். அந்தப் பெண் அகப்பையைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். "இதுதானா அந்தக் கொப்பி?" என்று கேட்டுவிட்டு, பெயரெழுதி, வழக்கு இலக்கத்தில் ஒரு கோடு போட்டார்.

திரும்பி வந்து, தந்த நேரத்தை எழுதும்போது சொன்னார்: "பின்கேற் திறந்துதான் கிடக்கிறது. எனக்கே அப்படியே போய்விடலாம் போல இருந்தது."

ஜூன் 17, செவ்வாய்

கிடைச்சிட்டுது! கிடைச்சிட்டுது! கிடைச்சிட்டுது!

ஆறு அலுவலகத்தில் எங்கள் பெயர் முதலாவது. மிஸ் கடிதத்தை இரண்டு தரம் உரத்து வாசித்தார். மூன்றாம் தரம் நான் வாசித்தேன். ஸைனுலாப்தீன் நானா மத்தியானம் வீட்டுக்குப் போய் ஒரு தட்டு நிறைய வட்டிலப்பத்தோடு வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்த சட்டத்தரணிமாரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். கொடுக்குமுன் கொப்பியை நீட்டிக் கையெழுத்து வாங்கினேன். பெருமைதான். ஒரு நாள் பட்டால்தான் என்ன.

இவருக்கு ஃபோன் எடுத்தேன். "இருப்பு சரியா?" என்றார். "அமோகம்" என்றேன்.

ஓகஸ்ட் 14, வியாழன்

அறைக்குக் கூரை போட்டாயிற்று. பின்கேற்றிலிருந்து பத்து அடி. நாற்பத்தேழு பேர் தப்பிப் போன அதே வழியால் இனி வரப்போகிறார்கள். ஓடு ஏற்றும்போது மேசன்மார் கேற்றைப் பூட்டாமல் விட, மான் வந்து, வாங்கி வைத்திருந்த புதுத் திரைச்சீலையில் கால்வாசியைத் தின்றுவிட்டது. மீதியை நானே வெட்டித் தைத்தேன். சற்றுக் கட்டை. பரவாயில்லை.

செப்டெம்பர் 13, சனி

மிஸ் அனுமதி தந்தார், ஒரு நிபந்தனையோடு. "வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது, அக்கா. அறையைப் பற்றி மட்டும்." நானாவும் நானும் பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போனோம்.

உம்மு குல்சும் கதவை அரைவாசிதான் திறந்தார். அழைப்பாணை வந்துவிட்டதாம். "நான் வாறல்ல மிஸ். வந்தா மட்டும் என்ன? அவன் முகத்தைப் பாத்துக்கிட்டு இரிக்க எனக்கு ஏலா."

அறையைப் பற்றிச் சொன்னேன். தனி வாசல், ஜன்னலுக்குச் சீலை, கதிரை நாலு, மின்விசிறி. விற்பனைக்காரி மாதிரி எனக்கே கேட்டது. அவர் கதவில் வைத்த கையை எடுக்கவில்லை.

அப்போது என்னை அறியாமல் உண்மை வந்துவிட்டது. "தங்கச்சி, அந்த வாங்கு நல்ல நிலையில எண்டு வருசா வருசம் எழுதினது நான்தான். ஒரு நாளும் அதில இருந்து பாக்காமல் எழுதினனான். என்னை மன்னியுங்கோ."

அவர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

"அந்த அறைக்குள்ள பாத்ரூம் இரிக்கா?"

"உள்ளுக்கே இருக்கு."

"சாவி?"

"சாவி இல்லை. கொண்டிதான்."

"கொண்டி உள்பக்கமா?"

"ஓம். உள்பக்கம்."

தேத்தண்ணி போட்டுத் தந்தார். வருவேன் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஒக்டோபர் 6, திங்கள்

பௌர்ணமி, போயா விடுமுறை. இரண்டு தரம் செபமாலை சொன்னேன். இரண்டு தரமும் மணிக் கணக்குப் பிழைத்தது.

ஒக்டோபர் 7, செவ்வாய்

எட்டுப் பத்துக்குப் பின்கேற் திறந்தது. உம்மு குல்சும். தனியே.

அறைக்குள் போய், முதலில் கொண்டியைப் போட்டுப் பார்த்தார். திறந்தார். மறுபடி போட்டார். பிறகுதான் கதிரையில் இருந்தார். விறாந்தையில் எதிரி கச்சான் சரையோடு வந்து, வாங்கின் மறு அந்தத்தைப் பார்த்துப் பார்த்து இருந்தான். பதினொன்றுக்குப் பெயர் கூப்பிட்டபோது அவன் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

சாட்சியம் மத்தியானம் வரை. இடைவேளைக்குப் பின் குறுக்கு விசாரணை, மூன்று மணி வரை. அசையவில்லையாம். மிஸ் மேலங்கியோடு ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். தீர்ப்புக்கு இன்னும் மாதக்கணக்காகும். ஆனால் வழக்கு நிற்கிறது. நிற்கிறது!

போக வெளிக்கிட்ட உம்மு குல்சும் என் மேசைக்கு வந்தார். "மிஸ், அந்தக் கொப்பி இரிக்கா?"

"இப்ப அது தேவையில்லை, தங்கச்சி."

"எனக்குத் தேவை."

அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தாள்களைப் புரட்டி பெப்ரவரி 11ஐக் கண்டுபிடித்தார். தன் பெயருக்கு நேரே, வெறுமையாய்க் கிடந்த கட்டத்தில், ஒக்டோபர் 7, 3.15 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அண்டைக்குச் சொல்லாமப் பெய்த்தன்" என்றார்.

நானா பின்கேற்றைத் திறக்க எழும்பினார். உம்மு குல்சும் வேண்டாமென்று கை காட்டிவிட்டு, விறாந்தையால் இறங்கி, அவன்கள் இருந்த அந்த நீள வாங்குக்கு முன்னால் நடந்து, முன்கேற்றால் போனார்.