அரக்கு நிறப் பை

அன்புள்ள துணைவிக்கு,

நம் சபை வரலாற்றில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. காணிக்கைப் பையின் நிறம் பச்சையிலிருந்து அரக்குக்கு மாறிவிட்டது. இதற்காகக் கமிட்டி மூன்று முறை கூடியது. அரக்கு இரத்தத்தை நினைவூட்டுகிறது என்று ஒருவர் எதிர்த்தார். நம் விசுவாசமே அதில்தான் நிற்கிறது என்று போதகர் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். புதுப் பை ஆழமானது. முழங்கை வரை உள்ளே போகும். யார் என்ன போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

நானும் மகளும் நலம். முதுகுக்குத் தைலம் தேய்க்கிறாயா? நீ அங்கே பார்த்துக்கொள்ளும் அந்த வீட்டு அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு.

நம் கோயிலில் மணியடிக்கும் தம்பியின் மனைவிக்கு இருதய வால்வு பழுது என்று எழுதியிருந்தேன் அல்லவா? உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ ஊர் திரும்ப டிக்கெட்டுக்கென்று அனுப்பிய பணத்தைத் தம்பியிடம் நீட்டினேன். "அண்ணி அங்க பீ மூத்திரம் அள்ளிச் சம்பாதிச்சதுண்ணே. வாங்கினா என் கை வெந்துடும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை அதை அப்படியே புதுப் பையில் போட்டேன். பெயர் எழுதவில்லை. யாருக்கு என்றும் எழுதவில்லை. சபைப் பத்திரிகைக்குப் பிழை திருத்துகிறவன் கையெழுத்து எல்லாருக்கும் தெரியும். தம்பியின் விண்ணப்பம் அன்றைக்கே கமிட்டி முன் வர இருந்தது. பணம் யாருக்கென்று கடவுளுக்குத் தெரியும், அவர் கமிட்டிக்குச் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போடச் சொல்லியிருப்பாய். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருப்பாய்.

கமிட்டி முன் இருந்த இன்னொரு விண்ணப்பம், மின்சார மணி வாங்குவது பற்றியது. வந்த பணம் அதன் விலைக்கு ஏறக்குறையச் சரியாக இருந்ததால், கடவுளின் பதில் தெளிவாக இருக்கிறது என்று எல்லாரும் எழுந்து நின்று பாடினார்கள். தம்பியின் மனைவிக்காக ஜெபக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தார்கள். அதற்குப் பிழை திருத்தியது நான்தான். பிழை ஏதும் இல்லை.

மறுநாள் செயலாளரிடம் போய் அது என் பணம் என்றேன். "அண்ணே, நேத்துலேர்ந்து இப்படிச் சொல்ற நாலாவது ஆளு நீங்க" என்று சிரித்தார். தொகையைச் சரியாகச் சொன்னேன். அதைத்தான் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டோமே என்றார்.

பன்னிரண்டாம் நாள் தம்பியின் மனைவி போய்விட்டாள். அடக்கத்துக்குப் புது மணிதான் அடித்தது. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று தம்பிக்கு ஏற்கெனவே தாள் கொடுத்திருந்தார்கள். அவன் மணிக்குக் கீழே கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். என்னைப் பார்த்ததும், "யாரோ புண்ணியவான் பெரிய தொகை போட்டாராமேண்ணே. நல்லா இருக்கட்டும்" என்றான்.

நான் இன்னும் கடவுளை நம்புகிறேன். அவர் எப்படிக் கமிட்டியை நம்பினார் என்பதுதான் விளங்கவில்லை.

இன்னும் இரண்டு வருடம் இருப்பதாக அந்த வீட்டாரிடம் கையெழுத்துப் போட்டுவிடு. என்னை மன்னிக்க முடியாத நாட்களில் தம்பிக்காக ஜெபம் செய். ஆண்டவர் உன் முதுகையும் உன்னையும் காப்பாராக.

உன் கணவன்

பி.கு.: நீ விட்டுப்போன செருப்பு இப்போது மகளுக்கு அளவாக இருக்கிறது.