முதல் அரசன் சாகும்வரை

என் ஆசை அண்ணைக்கு,

போன இடத்தில் உனக்கு ஒரு மவுஸ் கிடைத்ததோ தெரியாது. இங்கே உன் மவுஸ் என் வலக்கையில் கிடக்கிறது, கீபோர்ட் இடக்கையில். நீ மவுஸில் படையும் நான் கீபோர்டில் வயலும் வரியுமாய் ஆடிப் பழகியபிறகு, இரண்டையும் ஒருத்தியே பிடித்துக்கொண்டு விளையாடுவது எவ்வளவு கேவலமாய் இருக்கிறது என்பதை உன்னிடம்தான் சொல்லலாம்.

நீ வழிபார்த்திருந்த விளையாட்டு வந்துவிட்டது. யாழ்ப்பாண அரசை எடுத்து விளையாடலாம் என்று அவர்கள் அறிவித்த அன்றே முன்கூட்டி வாங்கி வைத்தாயே, அதுதான். உன் லப்டொப்பைத் துடைத்து வைக்கத்தான் திறந்தேன். இன்ரநெற் கிடைத்ததும் அது தானாக இறங்கத் தொடங்கியது. வாங்கிய ஆள் இருக்கிறானா என்று அது கேட்கவில்லை. நான் தரையில் இருந்து அழுதேன், அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

உங்கள் பேஸ்புக் விளையாட்டுக் குழுவில் எல்லாரும் நீ எழுதும் ‘முதல் பார்வை’யைத் தேடுகிறார்கள். குழுவில் இருக்கிற சுதன் அண்ணை நல்லூரிலிருந்து வீட்டுக்கே வந்துவிட்டார். “வாணி, அவன் எழுதவேண்டியதை நீதான் எழுதவேணும். வேற ஆர் எழுதினாலும் பெடியள் வாசிக்க மாட்டாங்கள்” என்றார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன் சட்டம் எனக்குத் தெரியாதா? முதல் அரசன் சாகும்வரை ஒரு விளையாட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. முதல் ஆளை வைத்து எவனும் ஆடுவான், அவன் செத்து அடுத்த ஆள் வந்த பிறகும் ஆட்டம் ஓடுகிறதோ என்றுதான் பார்க்கவேண்டும் என்பாய். அரசனைச் சாகவிட எனக்கு ஏலாமல் இருந்தது அண்ணை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நீ கேட்கக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். வரைபடம் வடிவாகத்தான் இருக்கிறது. கடலைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அலை அடிக்கிறது. ஆனால் பனை எல்லாம் தென்னையாய் நிற்கிறது. தீவுகளை ஒன்றாய்ச் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். ஆறே இல்லாத எங்களுக்கு நடுவிலே ஓர் ஆறு வேறு தந்திருக்கிறார்கள், வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு! நீ இருந்திருந்தால் அந்த ஆற்றுக்காகவே ஒரு கிழமை சிரித்திருப்பாய். கிணறு வெட்ட வழியே இல்லை. வயலும் வரியும் பார்க்கிற எனக்கு அது பெரிய கோபம். லப்டொப் வேறு பழைய தண்ணீர்ப் பம்ப் மாதிரி இரைகிறது.

நீ எப்போதும் ஆடுகிற முறையில்தான் தொடங்கினேன். ஒரே ஒரு சேமிப்பு, பின்னால் திரும்பிப் போக இடமில்லை, செத்தால் செத்ததுதான். அரசனின் பெயர் என்ன என்று கேட்டது. யோசிக்கவே இல்லை, குகன் என்று உன் பெயரை அடித்துவிட்டேன். முகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாய் மாற்றினேன். மூக்கு உன்னுடையது மாதிரி வந்தபோது கையை எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா தேத்தண்ணியோடு வந்தார்.

அம்மாவைப் பற்றி நீ அறியமாட்டாய். நீ போன நாளிலிருந்து அவர் அழவில்லை. செத்தவீட்டிலும் அழவில்லை. கேற்றைப் பார்த்தபடி கதிரையில் இருப்பார், ரயில் போனால் தலை திருப்புவார், அவ்வளவுதான். சாப்பாடு பேருக்கு. பிறசர் குளிசையை நான் கையில் வைத்தால் அது கையிலேயே கரையும். என்னை ஏறிட்டுப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. டொக்டர் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, இப்படியே விட்டால் ஒருநாள் பாரிசவாதத்தில் விழுவார் என்றார்.

அந்த அம்மா கோப்பையை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“பிள்ளை, அதில எங்கடை தம்பியின்ரை பேரெல்லோ கிடக்குது?”

“ஓம் அம்மா. இவர்தான் ராசா.”

“சுகமா இருக்கிறானோ?”

அரசனின் உடல்நலம் காட்டுகிற இடத்தை வாசித்துச் சொன்னேன். நல்ல சுகம் என்று இருந்தது. அம்மா உன் கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருந்தார். அன்றைக்குக் குளிசையைத் தானே கேட்டு வாங்கி விழுங்கினார்.

அதற்குப் பிறகு இதே நடைமுறைதான். நான் கடை பூட்டி வந்து சைக்கிளை நிறுத்துமுன் “தம்பி எப்பிடி?” என்று கேட்பார். சுகம் என்றால் சாப்பிடுவார். சுகமில்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை, சொல்லத் துணிவும் இல்லை. என் அம்மாவின் உயிர் ஒரு விளையாட்டு அரசனின் உயிரில் தொங்கியது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? சுதன் அண்ணையிடம் சொன்னால் என்னையும் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

எனவே அரசன் சாகக் கூடாது. அரசன் எங்கே சாவான்? போரில். அப்படியென்றால் போரே வேண்டாம். பறங்கியின் கப்பல் வந்து மன்னாரைக் கேட்டது, கொடுத்தேன். முத்துக் குளிக்கிற உரிமையைக் கேட்டான், கொடுத்தேன். யானை கேட்டான், அதையும் அனுப்பினேன். நீ இதைப் பார்த்திருந்தால் என் தலையில் குட்டியிருப்பாய். துண்டு துண்டாய் உன் நாடு போய்க்கொண்டிருந்தது, நீ மட்டும் அரண்மனையில் பத்திரமாய் இருந்தாய். ‘நெல்லுக் கிடக்கோ?’ என்று கேட்டுவிட்டுத்தானே படையை அனுப்புவாய்? நெல் மலைபோல் கிடந்தது அண்ணை. கேட்கத்தான் ஆள் இல்லை.

கலியாணப் பேச்சும் வந்தது. கண்டியிலிருந்து, தஞ்சாவூரிலிருந்து, வன்னியிலிருந்து என்று பெண்களின் படத்தை விளையாட்டு காட்டும். இது அம்மாவின் இலாகா. போன வருஷம் உனக்குச் சாதகம் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அல்லவா? ஒருத்திக்கு நெற்றி சரியில்லை, ஒருத்தி சிரிக்கிறாளே இல்லை, ஒருத்தி உன்னைவிட மூப்பு. “சாதகம் இல்லாமல் என்னெண்டு செய்யிறது?” என்று எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார். விளையாட்டில் சாதகம் இல்லை என்பது பெரிய குறை என்று சுதன் அண்ணையிடம் சொல்லி எழுதச் சொல்லவேண்டும். அரசனுக்குத் தாடி நரைக்கத் தொடங்கியும் கலியாணம் ஆகவில்லை. பிள்ளை இல்லை.

பிறகு காய்ச்சல் வந்தது.

திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது: அரசனுக்குக் காய்ச்சல். ஓய்வு எடுக்கவிடலாம், வைத்தியரைக் கூப்பிடலாம், கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாம். அம்மா என் தோளைப் பிடித்த பிடி இன்னும் நோகிறது.

“வைத்தியரைக் கூப்பிடு. இந்த முறை உடன கூப்பிடு, பிள்ளை.”

உனக்குக் காய்ச்சல் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் சும்மா காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். நீ பனடோலைப் போட்டுவிட்டு அச்சுவேலியில் யாரோ வீட்டுக் கூரையில் சோலார் பூட்டப் போனாய். டெங்கு என்று தெரிந்தபோது ஆஸ்பத்திரிக்காரருக்கும் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த ‘இந்த முறை’யை அம்மா எத்தனை மாதம் வாய்க்குள் வைத்திருந்தாரோ?

வைத்தியரைக் கூப்பிட்டேன். காய்ச்சல் குறைந்தது, திரும்ப வந்தது, குறைந்தது. அம்மா நல்லூரானுக்கு நேர்த்தி வைத்துவிட்டு, வெயிலுக்குள் கொக்குவில் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போய் வந்தார்.

“அம்மா, உது விளையாட்டு” என்றேன்.

“எனக்குத் தெரியாதே, பிள்ளை?” என்றார். கோபம் இல்லை.

அதோடு நான் விளையாட்டை ஓடவிடவே பயந்தேன். ஸ்பேஸ்பாரைத் தட்டினால் காலம் ஓடும், திரும்பத் தட்டினால் நிற்கும். ஒரு மாதம் ஓடவிட்டு நிறுத்துவேன். பிறகு ஒரு கிழமை. கடைசியில் ஓடவே விடாமல், நின்ற படத்தைக் காட்டி “சுகம் அம்மா” என்றேன். அரசன் சாகாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். அலை நின்றது, கப்பல் நின்றது, வைத்தியர் கட்டிலுக்குப் பக்கத்தில் கையை நீட்டியபடி நின்றார். நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன் அண்ணை. கடைக்குப் போனேன், வந்தேன், ஆனால் எதுவும் நகரவில்லை. ஒருநாள் ரயில் கடவையில் சைக்கிளோடு நின்றபோது, ரயில் போய்விட்டது என்பதே பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்துத்தான் தெரிந்தது.

போன கிழமை உன் ஆட்டைத் திவசம். ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று ஐயர் வந்து எள்ளும் தண்ணீரும் இறைத்துச் சொல்லித்தான் நம்பினேன். உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தோம். கத்தரிக்காய்ப் பொரியல், உளுந்து வடை, பாயசம். உன் அறையில் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டுப் படைத்தோம். அம்மா லப்டொப்பையும் நிறுத்தி வைத்த ஆட்டத்தோடு தூக்கிக்கொண்டு வந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“உதென்ன?” என்றார் ஐயர்.

“அவன் ஆசைப்பட்ட சாமான், ஐயா. எல்லாம் வைக்கவேணுமெல்லே?”

ஐயர் லப்டொப்புக்கும் ஒரு பூ வைத்தார்.

போனவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் விறாந்தைக்கு வந்தோம். அம்மா மட்டும் எதையோ மறந்ததாகச் சொல்லி ஒரு தரம் உள்ளே போய் வந்தார். சாம்பிராணி என்று நினைத்தேன். வந்த சனத்தோடு கதைத்து, ஐயரை அனுப்பி, கதவைத் திறக்க நேரம் நன்றாய்ப் போய்விட்டது.

கதவைத் திறந்தேன். உள்ளே லப்டொப் இரைந்துகொண்டிருந்தது. கடல் அலை அடித்தது.

திரை நடுவில் கறுப்புக் கரை போட்ட பெட்டி. அரசர் குகன் காலமானார்.

பின்னால் அம்மா. மறைக்கவேண்டும் என்று குனிந்தேன், ஏலவில்லை. மூடினாலும் பயன் இல்லை, பழைய சேமிப்பு என்று ஒன்று இல்லை. செத்தால் செத்ததுதான்.

“நான்தான் அமத்தினனான்” என்றார் அம்மா. “நீ தட்டுற கட்டை. எல்லாம் அசையாமல் கிடந்தது. அவன் வந்தால் விளையாட ஏலாதெண்டு…”

அப்போதுதான் அம்மா அழுதார். ஒரு வருஷத்து அழுகை. நிலத்தில் இருந்து, இலையைத் தள்ளிவிட்டு, தலையில் அடித்து, “நானே என்ரை பிள்ளையை…” என்று கத்தினார். பக்கத்து வீட்டுச் சனம் எல்லாம் ஓடி வந்தது. நான் அவரைக் கட்டிப்பிடித்தபடி, “இல்லையம்மா, ராசாவுக்கு வயசு போட்டுது, நரைச்சுப்போட்டுது, நீங்கள் ஒண்டும் செய்யேல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். இனிக் குளிசையும் இல்லை, சாப்பாடும் இல்லை, இவரும் போகப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னை அந்த நேரம் கூப்பிட்டேன். வாயால் அல்ல. கேட்டதா?

அழுது களைத்த பிறகு அம்மா திரையைப் பார்த்தார். இறந்த அரசனின் முகம் ஒரு மூலையில் இருந்தது, வெள்ளைத் தாடியோடு.

“கொப்பரைப் போல இருக்கிறான்” என்று எங்கள் அப்பாவை நினைத்துச் சொன்னார். “கிழவனா வந்திருந்தால் இப்பிடித்தான் இருந்திருப்பான், என்ன?”

“ஓம் அம்மா.”

“இது ஆர், பக்கத்தில? முடியோட?”

அதுவரை நானும் அந்த முகத்தைக் கவனிக்கவில்லை. விளையாட்டு தானாகவே உண்டாக்கிய ஆள். இவ்வளவு காலமும் அரண்மனைப் பட்டியலின் அடியில் கிடந்திருக்கிறாள், ஒருதரம்கூட நான் அமத்திப் பார்த்ததில்லை. நல்லூர்ச் சிம்மாசனத்தில் பெண் இருந்ததாய் நீயும் நானும் படித்ததில்லை, குழுக்காரர் சண்டைக்கு வரட்டும்.

“ராசாவின்ரை தங்கச்சி. அவருக்குப் பிள்ளையள் இல்லை. அதால இவவுக்கு வந்திட்டுது.”

“இவள் தனியவோ?”

“ஓம். தனியத்தான்.”

அம்மா அந்த நரைத்த பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு பார்த்தார் அண்ணை. என் கன்னத்தைத் தடவி, எலும்பு எங்கே தட்டுகிறது என்று பார்த்தார்.

“நீ சாப்பிட்டனியோ, பிள்ளை?”

உனக்குப் படைத்த இலையிலிருந்து சோற்றைக் குழைத்து அவர் எனக்குத் தீத்தினார், நான் அழுதுகொண்டே விழுங்கினேன். இனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நேற்றும் அம்மா பாதிச் சோற்றைத்தான் சாப்பிட்டார். பின்னேரம் கேற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் வந்ததும் “தம்பி எப்பிடி?” என்று கேட்க வாயெடுத்து, நிறுத்தி, “வெயிலோ?” என்றார். குளிசையை வாங்கினார். எனக்கு இன்னும் பயம்தான்.

உன் சட்டப்படி இனி நான் எழுதலாம். சுதன் அண்ணை, குழுவில் இருக்கிறவர்கள், எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் அரசன் செத்துவிட்டார். நாட்டில் பாதியை நான்தான் தொலைத்தேன். கையில் நல்லூரும், இல்லாத ஓர் ஆறும், மலைபோல் நெல்லும் மிச்சம். கடலில் பறங்கிக் கப்பல் நிற்கிறது, எனக்குப் போர் செய்யத் தெரியாது. ஆனால் ஆட்டம் ஓடுகிறது.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன் அண்ணை. மேல் காய்ச்சலில் சுட்டால் அன்றைக்கே டொக்டரிடம் போவேன். ரயில் கடவையில் ரயில் போனதும் கடப்பேன். அம்மாவுக்கு முன்னால் நான் உன்னிடம் வரமாட்டேன். இதெல்லாம் என் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும், உன் கையிலும் இருக்கவில்லைத்தானே? இருந்தும் செய்கிறேன். அம்மாவை அனுப்பிவிட்டுத்தான் வருவேன், நீ அதுவரை பொறுத்திரு.

கீபோர்ட் பக்கத்துக் கதிரையிலிருந்து,
உன் ஒரே தங்கச்சி
வாணி