சடை போட்ட கயிறு

ராசாத்தி,

முதுகுவலி தேவலையா? குடத்தை நீ தூக்காதே, உன் தம்பியைத் தூக்கச் சொல். அத்தையை விசாரித்ததாகச் சொல். எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் மீன்பிடிப் படகில் வேலை கிடைத்துவிட்டது. அதற்கு முன் பதினோரு நாள் படகு படகாக ஏறி இறங்கினேன். "முன்ன பின்ன கடலுக்குப் போயிருக்கியா?" என்பார்கள். இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கடைசியில் ஒரு படகோட்டி மட்டும் நுனி பிரிந்த கயிற்றைத் தூக்கிப் போட்டு, "இதச் சரி பண்ணு, பாக்கலாம்" என்றார். எனக்கு என்ன தெரியும்? நீ வேலைக்குக் கிளம்பிய பிறகு பாப்பாவுக்குச் சடை போடுவேனே, அதே மாதிரி இறுக்கிப் பின்னிக் கொடுத்தேன்.

படகே விழுந்து விழுந்து சிரித்தது. "யோவ், இது கயிறா, கல்யாணப் பொண்ணு சடையா?" என்றவர், பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை.

"எத்தன பொண்ணு உனக்கு?"

"ஒண்ணுதாங்க."

"சரி, நாளைக்கு வந்துரு."

முதல் நாள் வாந்தி எடுத்தே மீன்களுக்கு விருந்து வைத்தேன். இப்போது பழகிவிட்டது, பயப்படாதே.

பழைய முழுக்கைச் சட்டை ஒன்று அனுப்பு. பாப்பாவின் சடை இப்போது எதுவரை வருகிறது என்று நூலால் அளந்து, அந்த நூலையும் சட்டைப் பையில் வை. காதோரம் மெதுவாகச் சீவு, அங்கே இழுத்தால் அழுவாள்.

படகு கிளம்புகிறது, கூப்பிடுகிறார்கள். வெயிலைச் சாக்காக வைத்து அவள் முடியை மட்டும் வெட்டிவிடாதே. கை மறந்துவிடக் கூடாதென்று தினமும் கயிற்றில் பின்னிப் பின்னிப் பிரிக்கிறேன்.